கேட்டீர்களே, அந்தப் பெரிய பகா எண்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: இன்று வரை தெரிந்த பகா எண்களில் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண்கள்) மிகப் பெரியதற்கு 4 கோடியே 10 லட்சத்துச் சொச்சம் இலக்கங்கள் இருக்கின்றன என்று. அவ்வளவுதான் எழுதினேன். சினிமா, அரசியல், சர்க்கரை நோய் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு இத்தனை பேர் ஒரு எண்ணைப் பற்றிக் கேட்பீர்கள் என்று சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. இந்த முறை முழுக்க அதுவே. மற்ற கேள்விகள் அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.

கே: எண்ணைச் சொல்லாமல் அதன் நீளத்தை மட்டும் சொன்னால் எப்படி? முழுசாகப் போட்டிருக்கலாமே! (வாசகர், தேனி)

போடலாம், ஆசிரியர்தான் என்னை வெளியே தள்ளுவார். சரியான கணக்கு 4,10,24,320 இலக்கங்கள். நம் பத்திரிகையில் பக்கத்துக்கு மூவாயிரம் இலக்கம் நெருக்கி அடித்தாலும் 13,675 பக்கம் வேண்டும். 64 பக்க இதழில் அட்டை, விளம்பரம், ராசிபலன் எதுவும் இல்லாமல் வெறும் எண்ணாகவே அச்சடித்தால், வாரம் ஒன்று என்று நாலு வருஷம் தாண்டியும் ஓடும். நொடிக்கு ஒரு இலக்கம் என்று யாராவது சாப்பாடு தூக்கம் இல்லாமல் வாசித்தால் 475 நாள் ஆகும்.

ஆனால் சுருக்கி எழுத ஒரு வரி போதும். 13,62,79,841 இரண்டுகளை வரிசையாக எழுதி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கி, கடைசியில் 1 கழித்துவிடுங்கள். கணக்குப் பாஷையில் 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கு, கழித்தல் 1. முதல் ஐந்து இலக்கம் 88169. கடைசி இலக்கம் 1.

கடைசி இலக்கத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். 2, 4, 8, 16, 32 என்று இரண்டின் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றிச் சுற்றித்தான் வரும். அடுக்கை 4 ஆல் வகுத்தால் மீதி 1, அதனால் கடைசி இலக்கம் 2, ஒன்றைக் கழித்தால் 1. பார்த்தீர்களா, நாலு கோடி இலக்கத்தில் ஒன்றை நீங்களே போட்டுவிட்டீர்கள்.

கே: 1 பகா எண்ணா, இல்லையா? எங்கள் வீட்டில் சண்டை. (வாசகி, மன்னார்குடி)

இல்லை. 1-ஐ உள்ளே விட்டால் 6-ஐ 2 × 3 என்றும் எழுதலாம், 1 × 2 × 3 என்றும் எழுதலாம், 1 × 1 × 2 × 3 என்றும் எழுதிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும் என்ற நல்ல விதி கெட்டுப்போகும். அதனால் வெளியே. சண்டையில் ஜெயித்தது யார் என்று எழுதுங்கள்.

கே: பெரிய பகா எண் என்று செய்தி வரும்போதெல்லாம் அது இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்ததாகவே இருக்கிறதே, ஏன்? மற்ற வடிவத்தில் பகா எண் கிடையாதா? (பிளஸ் டூ மாணவி, கரூர்)

இந்த வாரத்தின் உருப்படியான கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன், பேனா பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வடிவத்தில் பகா எண்கள் ஏராளமாக இருக்கின்றன. நமக்குத் தெரியாத பெரிய பகா எண்களில் அநேகமாக எல்லாமே எந்த வடிவமும் இல்லாத, பார்க்க ஒன்றும் விசேஷமில்லாத எண்கள்தான். விளக்குக் கம்பத்துக்கு அடியில் சாவியைத் தேடுகிறவன் கதை தெரியுமல்லவா? சாவி எங்கோ விழுந்திருக்கலாம், வெளிச்சம் இங்கேதான் இருக்கிறது. இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்கள் அந்த விளக்குக் கம்பம். அவற்றில் பகா எண்ணாக இருப்பவற்றை மெர்சென் பகா எண்கள் என்பார்கள். மரன் மெர்சென் 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் துறவி. 1644-இல் 257 வரையிலான அடுக்குகளில் எவை பகா எண் தரும் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் 67-ம் 257-ம் தப்பு, 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. அப்படியும் பெயர் அவருக்கே கிடைத்தது.

இந்த எண்களை இரும எண்முறையில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால், எழுதிப் பாருங்கள். 7 என்பது 111. 31 என்பது 11111. நம் ராட்சச எண் 13 கோடியே 62 லட்சத்துச் சொச்சம் ஒன்றுகள், வேறெதுவும் கிடையாது. ஒன்றுகள் மட்டுமே வரிசை கட்டி நிற்கும்போது ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஆறு ஒன்றுகள் நின்றால், 111 111 என்று மும்மூன்றாகப் பிரிக்கலாம், ஆகவே 111 அதை மீதியில்லாமல் வகுத்துவிடும். இருமத்தில் மட்டுமல்ல, நம் சாதாரண எண்களிலும் அப்படியே, 111111 என்பது 111 × 1001. அதனால் அடுக்கு பகு எண்ணாக இருந்தால் எண்ணும் பகு எண்தான், சோதிக்கவே வேண்டாம். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் ஒரு வாய்ப்பு இருக்கிறது, உறுதி கிடையாது. 11 பகா எண். ஆனால் 2¹¹ − 1 என்பது 2047, அது 23 × 89.

சரி, வாய்ப்பு இருப்பதில் எது நிஜம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போனால் நூறு இலக்க எண்ணுக்கே இந்தப் பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது. இங்கேதான் பிரெஞ்சுக்காரர் எத்வார் லூக்கா வருகிறார். அவர் 1876-இல் வகுத்துப் பார்க்காமலே சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தார், 1930-இல் அமெரிக்கர் லேமர் அதைச் சீர்படுத்தினார். வழி இவ்வளவுதான்: 4-இல் ஆரம்பியுங்கள். அதை வர்க்கம் செய்து 2 கழியுங்கள். நீங்கள் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வர்க்கம், 2 கழித்தல், மீதி. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இப்படிச் செய்தபின் பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் இல்லை.

31-க்குப் போட்டுப் பாருங்கள். அடுக்கு 5, ஆகவே மூன்று தடவை. 4-இலிருந்து 14. 14-இன் வர்க்கம் 196, கழித்தல் 2, 194, மீதி 8. 8-இன் வர்க்கம் 64, கழித்தல் 2, 62, மீதி 0. பகா எண்! 127-க்கு 4, 14, 67, 42, 111, 0 என்று ஐந்தாவது தடவையில் பூஜ்யம் வந்து உட்காரும். 2047-க்குப் போட்டால் ஒன்பதாவது தடவையில் 1736 மிஞ்சும், ஆகவே அது பகா எண் இல்லை. முதல்முறை இதைப் போட்டுப் பார்த்தபோது என் முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடியது, இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்த 127 பூஜ்யத்தில் வந்து முடியும்போது லேசாகச் சிரிப்பு வரும்.

இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. 9 ஆல் வகுத்தால் மீதி என்ன என்று கேட்டால் இலக்கங்களைக் கூட்டிச் சொல்லிவிடுவோம் அல்லவா, 9 என்பது 10-இல் ஒன்று குறைவு என்பதால்தான் அது முடிகிறது. 99-க்கும் அதே வித்தைதான், இரண்டிரண்டு இலக்கமாக வெட்டிக் கூட்டவேண்டும்: 12345 என்றால் 1 + 23 + 45 = 69, மீதி 69. கம்ப்யூட்டருக்கு இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்கள் எல்லாம் 9, 99, 999 மாதிரி. வகுத்தலே வேண்டாம், வெட்டிக் கூட்டினால் போதும். ஆக, இந்த எண்களைத் தேடிப் பிடிப்பதற்குக் காரணம் அவை பெரியவை என்பதல்ல, அந்த அளவிலும் மிகச் சுலபமாகச் சோதித்துவிட முடிகிற எண்கள் அவை என்பதுதான்.

கே: அப்படியானால் அந்த எண்ணுக்குக் கீழே உள்ள எல்லாப் பகா எண்களும் தெரியும் என்று அர்த்தமா? அதற்கு அடுத்த பகா எண் எது? (வங்கி ஊழியர், கோவை)

தெரியாது, தெரியாது. இரண்டுக்கும் அதே பதில்.

நிறையப் பேர் எண்களை வரிசையாகச் சோதித்து மேலே மேலே ஏறிப் போகிறார்கள் என்று நினைக்கிறார்கள். இல்லை. இது பாறைக்குப் பாறை தாவுவது. இதற்கு முந்தைய சாதனை எண் 2018 டிசம்பரில் கிடைத்தது, அதற்கு 2,48,62,048 இலக்கங்கள். அதற்கும் இதற்கும் நடுவில் கணக்கில்லாத பகா எண்கள் இருக்கின்றன, ஒன்றைக்கூட யாராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. இருக்கின்றன என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவில் ஒரு பகா எண் கட்டாயம் இருக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே நிரூபித்தாகிவிட்டது. நம் எண்ணின் அளவில் பகா எண்கள் சராசரியாக ஒன்பதரைக் கோடி எண்ணுக்கு ஒன்று என்று வரும். எண்கோட்டில் அது ஒன்றுமே இல்லாத தூரம். ஆனால் அந்த ஒன்பதரைக் கோடியில் எது என்று சொல்ல விளக்குக் கம்பம் இல்லை.

மெர்சென் எண்களிலேயே வரிசை கிடையாது. 2008 ஆகஸ்டில் 4,31,12,609 என்ற அடுக்கில் ஒன்று சிக்கியது. இரண்டே வாரத்தில் அதைவிடச் சின்னதாக 3,71,56,667 என்ற அடுக்கில் இன்னொன்று. அடுத்த வருஷம் இரண்டுக்கும் நடுவில் ஒன்று! அதனால்தான் 2024-இல் வந்ததை ‘தெரிந்தவற்றில் 52-ஆவது’ என்று ஜாக்கிரதையாகச் சொல்கிறார்கள்.

கே: யார் கண்டுபிடித்தது, எவ்வளவு பரிசு? (வாசகர், யாழ்ப்பாணம்)

நீங்கள் முதன்மை எண் என்று எழுதியிருந்தீர்கள், அங்கே அப்படித்தான் படிப்பீர்கள், இங்கே பகா எண். இரண்டும் ஒன்றே.

கிம்ப்ஸ் என்று ஒரு தன்னார்வக் கூட்டு முயற்சி 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் ஆரம்பித்தது. உங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு அடுக்கை வாங்கிச் சோதித்துச் சொல்லும். 28 வருஷமாக இப்படி வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கிற சாதாரணக் கம்ப்யூட்டர்கள்தான் சாதனை எண்களைக் கண்டுபிடித்து வந்தன. 2024-இல் அது முடிந்துபோனது. கலிபோர்னியாவைச் சேர்ந்த லூக் டுரான்ட் என்ற 36 வயதுக்காரர், முன்பு என்விடியா நிறுவனத்தில் வேலை பார்த்தவர், 17 நாடுகளில் உள்ள டேட்டா சென்டர்களில் ஆயிரக்கணக்கான கிராபிக்ஸ் சிப்புகளை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். அக்டோபர் 11-ஆம் தேதி டப்ளினில் இருந்த ஒரு சிப் ‘இது பகா எண்ணாக இருக்கலாம்’ என்றது. மறுநாள் டெக்சாஸ் சான் ஆன்டோனியோவில் இருந்த இன்னொன்று லூக்கா சோதனையைப் போட்டு ஆமாம் என்றது. மேலே 31-க்கு நாம் மூன்று தடவை செய்தோமே, அதே வேலைதான், இங்கே 13,62,79,839 தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு கோடி இலக்க எண்ணின் வர்க்கம்.

பரிசு 3,000 டாலர். அதையும் தான் படித்த அலபாமா பள்ளிக்கே கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். பத்துக் கோடி இலக்கத்தை முதலில் தொடுகிறவருக்கு எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் 1,50,000 டாலர் வைத்துக் காத்திருக்கிறது, ஆனால் கரன்ட் பில்லையும் சிப் வாடகையையும் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எனக்குப் பிடித்த கதை 2015-இல் நடந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 17-ஆம் தேதி ஒரு கம்ப்யூட்டர், 2,23,38,618 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டுபிடித்து, கடமை தவறாமல் சர்வருக்குச் சொல்லிவிட்டது. சர்வர் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் மட்டும் போகவில்லை. உலகத்தின் மிகப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாமல் ஒரு டேட்டாபேஸில் நாலு மாசம் கிடந்தது, 2016 ஜனவரி 7-இல் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. மனிதர் பார்த்த தேதிதான் கண்டுபிடித்த தேதி என்று பதிவாகியிருக்கிறது. இது நியாயமா என்று அந்தக் கம்ப்யூட்டரிடம்தான் கேட்கவேண்டும்.

கே: இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? இவ்வளவு மின்சாரத்தை வீணாக்கியதற்குப் பதில் நாலு பேருக்குச் சோறு போட்டிருக்கலாம். (ஓய்வு பெற்ற ஆசிரியர், விருத்தாசலம்)

ஐயா, உங்கள் கோபத்துக்கு வயது இருநூறுக்கு மேல். 1772-இல் கணித மேதை ஆய்லர் 2³¹ − 1, அதாவது 214,74,83,647 பகா எண் என்று நிரூபித்தார். பார்வை மங்கிப்போன காலத்தில் செய்தது அது. சும்மா வகுத்துப் பார்க்காமல், இந்த எண்ணுக்குக் காரணி இருந்தால் அது 248-ஆல் வகுத்து 1 அல்லது 63 மீதி வரும் எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்று முதலில் காட்டினார், அதில் வேலை நானூறுக்கும் குறைவான எண்களாகச் சுருங்கியது. 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதிலிருந்து கிடைக்கும் நிறைவெண்தான் யாரும் எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்கப்போகிற நிறைவெண்களில் பெரியதாக இருக்கும், ஏனென்றால் இவை வேடிக்கையே தவிர உபயோகமில்லாதவை, இதற்கு மேல் ஒருவரும் மெனக்கெட மாட்டார்கள் என்று எழுதினார். நிறைவெண் என்றால் தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வருவது, 6 = 1 + 2 + 3 மாதிரி. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைக் கூடவே கூட்டிக்கொண்டு வரும். பார்லோ சொன்னது பலிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

ஆய்லரின் அந்த எண் உங்கள் பையில்கூட இருக்கலாம். பழைய கணினி அமைப்புகள் 1970 ஜனவரி 1-இலிருந்து நொடிகளை எண்ணுகின்றன, 32 பிட்டில் எண்ணுபவற்றுக்கு 214,74,83,647 தான் உச்சம். அது 2038 ஜனவரி 19 நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு வரும். அதற்கு அடுத்த நொடியில், திருத்தப்படாத கடிகாரம் 1901 டிசம்பருக்குப் போய்விடும். உச்சமாக இருப்பதும் பகா எண்ணாக இருப்பதும் தற்செயல்தான், இருந்தாலும் நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

பிரயோஜனம் என்று கேட்டீர்களே. நேரடியாகச் சொன்னால் அந்த 4 கோடி இலக்க எண்ணால் எதுவும் கிடையாது. வங்கிப் பரிவர்த்தனையைப் பாதுகாக்க இதுமாதிரி எண்கள்தான் தேவை என்று ஒவ்வொரு தடவையும் செய்தியில் எழுதுகிறார்கள், அது தப்பு. ரகசியச் சாவி என்பது யாருக்கும் தெரியாமல் இருக்கவேண்டும், உலகம் முழுக்கத் தெரிந்த எண்ணைச் சாவியாக வைத்தால் பூட்டு எதற்கு? அப்படிப் பூட்டுகிற முறைகளில் ஒன்றான ஆர்எஸ்ஏ முறையில், ஒன்றோடொன்று பெருக்கிக்கொள்ள வேண்டியவை சுமார் 309 இலக்கமுள்ள இரண்டு பகா எண்கள், அதுவும் யாரும் இதுவரை பார்க்காதவை. அந்த அளவில் ஒற்றை எண்களில் 350-க்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்து எடுத்துச் சோதித்தால் உங்கள் போனே கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிடும்.

பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்றால், பகா எண்ணா இல்லையா என்று சோதிப்பது சுலபம், பகு எண்ணின் காரணிகளைக் கண்டுபிடிப்பது கஷ்டம், இந்த இடைவெளியில். மேலே 2047-ஐச் சோதித்தபோது 1736 வந்தது, பகா எண் இல்லை என்று தெரிந்தது, ஆனால் அதில் 23-ம் 89-ம் எங்கேயாவது எட்டிப் பார்த்தனவா? இல்லை. லூக்கா 1876-இல் 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று காட்டிவிட்டார், மெர்சென் பட்டியலில் இருந்த தப்பு. காரணிகள் என்ன என்று அவருக்கே தெரியாது. 27 வருஷம் கழித்து, 1903 அக்டோபரில், நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போய், ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பக்கம் 2⁶⁷ − 1-ஐப் பெருக்கி எழுதினாராம், இன்னொரு பக்கம் 193707721-ஐ 761838257287 ஆல் பெருக்கினாராம், இரண்டும் 147573952589676412927 என்று ஒன்றாக வர, பேசாமல் போய் உட்கார்ந்தாராம். சபை எழுந்து கைதட்டியது என்று சொல்வார்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். அந்த மௌனக் காட்சி காதில் விழ விழக் கொஞ்சம் மெருகேறியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம், பெருக்கல் மட்டும் நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்கும் அப்படி இரண்டு பகா எண்களைப் பெருக்கிச் செய்த 617 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்றை வழக்கமான கம்ப்யூட்டர்களால் உடைக்க முடியவில்லை, 2020-இல் 250 இலக்க எண் வரைதான் போயிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு உபரி லாபம். 1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இரண்டு இடைவெளியில் ஜோடியாக வரும் பகா எண்களை வைத்து ஏதோ கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார், உங்கள் கணக்கில் அதுவும் வெட்டி வேலைதான். விடை இடித்தது. 824633702441 என்ற பகா எண்ணால் 1-ஐ வகுத்தபோது கம்ப்யூட்டர் தப்பாகச் சொன்னது. கடைசியில் தப்பு பென்டியம் சிப்பிலேயே இருந்தது தெரிந்தது. இன்டெல் நிறுவனத்துக்கு 47.5 கோடி டாலர் செலவு. கிம்ப்ஸ் மென்பொருளையும் புதுக் கம்ப்யூட்டரை முறுக்கிப் பார்க்க இன்றும் ஓட்டுகிறார்கள்.

சோறு போட்டிருக்கலாம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கிரிக்கெட்டைப் பற்றியும் இதே கேள்வியை அனுப்புங்கள், சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கே: அப்படியென்றால் என் போனில் பகா எண் எதுவும் இல்லையா? (கல்லூரி மாணவர், சேலம்)

இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் செய்தியைப் பூட்டும் கணக்கு, 2²⁵⁵ − 19 என்ற 77 இலக்கப் பகா எண்ணை வைத்து நடக்கிறது. இது ரகசியமே இல்லை, எல்லார் போனிலும் அதே எண்தான். சாவி அல்ல, சாவி செய்யும் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் அடுக்குக்குப் பக்கத்தில் இருப்பதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கரூர் மாணவிக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது: மீதி கண்டுபிடிக்க வெட்டிக் கூட்டினால் போதும்.

கே: இதில் நம் ஆட்களின் பங்கு உண்டா? (வாசகி, கும்பகோணம்)

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். ராமானுஜன் 1913-இல் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, ஒரு எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்று கிட்டத்தட்டத் துல்லியமாகச் சொல்லும் சூத்திரம் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். அது தவறாகப் போயிற்று. பகா எண் விஷயத்தில் அவருடைய உள்ளுணர்வு வழுக்கிய இடம் அது, நம்மவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், எதற்கென்று தெரியவில்லை. எண்ணுக்கும் இரு மடங்குக்கும் நடுவில் பகா எண் உண்டு என்று மேலே சொன்னேனே, அதற்கு 1919-இல் அவர் கொடுத்த நிரூபணம் இரண்டு பக்கம்தான், அவ்வளவு அழகு.

இன்னொன்று 2002 ஆகஸ்ட். கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், எந்த வடிவமும் இல்லாத எண்ணாக இருந்தாலும் பகா எண்ணா என்று நியாயமான நேரத்தில் சந்தேகமில்லாமல் சொல்லும் வழி உண்டு என்று நிரூபித்தார்கள். உலகமே எதிர்பார்த்துக்கொண்டிருந்த விடை. நடைமுறையில் அது மெதுவானது, ராட்சச எண்களுக்கு யாரும் பயன்படுத்துவதில்லை. விளக்குக் கம்பம் இல்லாத இடத்திலும் வெளிச்சம் போட முடியும் என்று காட்டினார்கள், விளக்கு கொஞ்சம் மங்கல், அவ்வளவே.

கே: நான் எல்லாப் பகா எண்களையும் தரும் சூத்திரம் கண்டுபிடித்துவிட்டேன். 6-இன் மடங்கோடு 1 கூட்டினாலும் கழித்தாலும் பகா எண் வருகிறது! எங்கே பதிவு செய்வது? (வாசகர், ஈரோடு)

25. 35-ம் கூட. 2, 3 போக மற்ற பகா எண்கள் எல்லாம் அந்த வடிவத்தில் இருக்கும் என்பது சரி, அந்த வடிவத்தில் இருப்பதெல்லாம் பகா எண் இல்லை. மனம் தளரவேண்டாம், ஆய்லர் ஒன்று வைத்திருந்தார்: ஒரு எண், அதன் வர்க்கம், 41, மூன்றையும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்ணே வரும், நாற்பது தடவை வரிசையாக! 40-இல் கவிழும், 41 × 41. உங்கள் சூத்திரம் 4-லேயே கவிழ்ந்தது.

கே: 2³ − 1 = 7. 2⁷ − 1 = 127. 2¹²⁷ − 1-ம் பகா எண் என்று படித்தேன். அப்படியானால் கிடைத்ததையே மறுபடி அடுக்காகப் போட்டுக்கொண்டே போனால் வேலை முடிந்ததே? (பத்தாம் வகுப்பு, தஞ்சாவூர்)

நல்ல மூளை தம்பி உனக்கு. கணிதக்காரர்களுக்கும் இந்தச் சபலம் உண்டு. 2¹²⁷ − 1-ஐ லூக்கா 1876-இல் கையால் கணக்குப் போட்டே நிரூபித்தார், 39 இலக்கம், 75 வருஷம் அதுதான் உலகச் சாதனை. ஆனால் உன் வழி எப்போதும் வேலை செய்யாது. 2¹³ − 1 என்பது 8191, பகா எண். 2-இன் 8191-ஆம் அடுக்கில் ஒன்று கழித்தால் பகா எண் வராது, 1953-இல் கம்ப்யூட்டர் காட்டிவிட்டது. உன் வரிசையில் அடுத்த எண்ணைச் சோதிக்கலாமே என்றால், அதன் இலக்கங்களின் எண்ணிக்கையே 38 இலக்க எண். எழுதி வைக்கப் பூமியில் இடம் கிடையாது. ஆமாம் என்றோ இல்லை என்றோ யாரும் சொன்னதில்லை, நீயும் தைரியமாக எந்தப் பக்கமும் பந்தயம் கட்டலாம், காசு கொடுக்கவேண்டிய நாள் வரவே வராது.

கே: 57 பகா எண்தானே? என் மகனின் டீச்சர் தப்பு என்று போட்டுவிட்டார். (வாசகர், நாகர்கோவில்)

டீச்சர் சரி, 3 × 19. ஆனால் மகனைத் திட்டவேண்டாம். 20-ஆம் நூற்றாண்டின் ஆகப் பெரிய கணித மேதைகளில் ஒருவரான அலெக்சாந்தர் குரோத்தந்தீக் ஒரு பேச்சின்போது, ஏதாவது ஒரு குறிப்பிட்ட பகா எண்ணை எடுத்துச் சொல்லுங்களேன் என்று கேட்டவரிடம், நிஜமான எண்ணா, சரி 57 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அதற்குக் குரோத்தந்தீக் பகா எண் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மகன் அடுத்து 91-இல் மாட்டுவான், 7 × 13 என்று இப்போதே சொல்லி வையுங்கள்.